ஒரே ஃபிரிட்ஜில் இரண்டு இன்சுலின்

சென்னைக்காரர்களுக்கு சுகரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட ஒப்பித்துவிடுவோம். 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று 2023-ல் கணக்குச் சொன்ன ஐ.சி.எம்.ஆர். ஆய்வை முன்னின்று நடத்தியதும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்தான். கிண்டி ஸ்டேஷனைச் சுற்றி எந்த மெடிக்கல் ஷாப்பில் போய் இன்சுலின் என்று வாய் திறந்தாலும், கவுண்டரில் இருக்கும் பையன் மறுகேள்வி கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறப்பான்.

அதனால்தான், ‘உங்க பூனைக்கு சுகர் இருக்கு’ என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் ஒரு விநோதம் நடக்கிறது. முதலில் நம்ப முடியாத சிரிப்பு. அடுத்த நிமிடமே ஒரு தைரியம். ஊசி தெரியும், மீட்டர் தெரியும், மருந்து ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. அப்பாவுக்குப் பார்க்கிறோம், இதற்குப் பார்க்க மாட்டோமா? இந்தத் தைரியத்தில் முக்கால் பங்கு நியாயமானது. மீதிக் கால் பங்கு பூனையின் உயிருக்கே உலை வைக்கும். நம் சுகர் அறிவில் எது பூனைக்குச் செல்லும், எது செல்லாது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

செல்லுவதை முதலில் பார்க்கலாம். நாய்க்கும் சுகர் வரும். ஆனால், நாய்க்கு வருவது பெரும்பாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோவதால் வருவது. சிறு பிள்ளைகளுக்கு வரும் முதல் வகையைப் போல, ஆயுள் முழுக்க ஊசி. பூனைக்கு வருவது நம் அப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் வரும் இரண்டாம் வகை. உடம்பு பருக்கிறது; தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போகின்றன; கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்த்து, ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகிறது.

இந்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. 1901-ல் அமெரிக்க நோயியல் அறிஞர் யூஜின் ஓப்பி, சர்க்கரை நோயாளிகளின் கணையத்தில், இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்குள் கண்ணாடி போன்ற ஒரு படிவு இருப்பதைக் கவனித்தார். அது என்ன பொருள் என்று தெரிய எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1987-ல் ஸ்வீடனின் பெர் வெஸ்டர்மார்க் குழு அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. எதிலிருந்து? மனிதக் கணையக் கட்டியிலிருந்தும், சர்க்கரை நோய் வந்த பூனையின் கணையத்திலிருந்தும். இரண்டிலும் ஒரே சரக்கு. இன்று அதை அமைலின் என்கிறோம். இன்சுலின் சுரக்கும்போதெல்லாம் கூடவே சுரக்கும் ஒரு சின்ன ஹார்மோன். மனிதரிடமும் பூனையிடமும் அது அளவு மீறினால் இழை இழையாகத் திரண்டு, தன்னைச் சுரந்த செல்லையே நெரித்துவிடுகிறது. எலியிடம் இந்தக் கோளாறு கிடையாது. எலியின் அமைலினில் மூன்று இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் குறுக்கே நிற்பதால் அது இழையாகத் திரள முடிவதில்லை. விஞ்ஞானிகள் அந்த மூன்று புரோலின்களை எலியிடமிருந்து கடன் வாங்கி மனித அமைலினில் பொருத்தினார்கள். அதுதான் 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிராம்லின்டைட் என்ற மருந்து. பூனை நோயைக் காட்டிக்கொடுத்தது, எலி மருந்துக்கு வழி சொன்னது.

மனித வைத்தியத்துக்கும் மிருக வைத்தியத்துக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் சுவர் எப்போதுமே மெல்லியதுதான். கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட்டின் முதல் வேலையே கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து, மனிதர்களுக்கு அம்மை குத்த அனுப்புவதாக இருந்தது.

எந்தப் பூனைக்கு வரும்? பிரிட்டனில் காப்பீடு செய்யப்பட்ட பூனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 230-க்கு ஒன்று என்றது. ஏழெட்டு வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, குண்டான, வீட்டை விட்டு வெளியே போகாத ஆண் பூனைக்கு ஆபத்து அதிகம். மூன்றாவது மாடி ஃபிளாட், பால்கனிக்கு வலை, தட்டில் நாள் முழுக்கக் கொட்டி வைத்த உலர் தீனி, சோபாவில் பதினாறு மணி நேரத் தூக்கம். சென்னையில் இப்போது வளரும் பூனைகளில் பலவற்றுக்கு இந்த ஜாதகம்தான். உடல் எடை ஒரு கிலோ கூடினால் பூனையின் உடம்பில் இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. நான்கு கிலோ இருக்க வேண்டிய பூனை ஆறு கிலோ ஆனால், ‘கொழுகொழுன்னு எவ்வளவு அழகா இருக்கு’ என்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டுக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கி, இன்று கிண்டி–வேளச்சேரி சாலையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற இடங்களில் ஒரு நாள் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். கருத்தடைக்குப் பிறகு பூனைக்குத் தேவைப்படும் சாப்பாடு கால் பங்குக்கு மேல் குறைகிறது, பசி மட்டும் குறைவதில்லை. குறைக்க வேண்டியது தட்டில்.

இன்னொரு காரணத்தை யாரும் கண்டுகொள்வதில்லை: ஸ்டீராய்டு. அரிப்பு, வீசிங் என்று அடிக்கடி போடப்படும் நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசிகள், விளிம்பில் நிற்கும் பூனையை சுகருக்குள் தள்ளிவிடும்.

அறிகுறிகள் நாம் அறிந்தவைதான்: தாகம், அடிக்கடி சிறுநீர், ஓயாத பசி, சாப்பிட்டும் இளைப்பு. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். லிட்டர் தட்டில் மண் உருண்டைகள் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்குப் போகும். பூனை தட்டை விட்டு பாத்ரூம் மூலையில் போய்விட்டால், அங்கே எறும்பு வரும். நம் ஊரில் எறும்பு ஒரு நல்ல லேப் டெக்னீஷியன். வரிசை கட்டிவிட்டால் சந்தேகம் வேண்டாம். இவை போக, பூனைக்கே உரிய ஓர் அடையாளம் உண்டு. பூனை எப்போதும் நுனிவிரலில் நடக்கும் பிராணி. சுகர் நரம்பைத் தாக்கினால் பின்னங்கால் தளர்ந்து, கணுக்கால் மூட்டு தரையைத் தொடும்படி முயலைப் போல நடக்கும். மேஜை மேல் தாவப் பார்த்து சறுக்கும். வயசாகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். வயசு அல்ல. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு அந்த நடை மெல்லத் திருந்திவிடும். மாறாக, சுகர் வந்த நாய்களுக்குச் சட்டென்று விழும் கண்புரை பூனைகளுக்கு அபூர்வம்.

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினால் அங்கேயே நம் மனிதக் கணக்கு முதல்முறையாகப் பிசகும். கிண்டியிலிருந்து வேப்பேரிக்குப் பூனையைக் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1903-லிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. சைதாப்பேட்டை பாலம், அண்ணா சாலையில் ஹாரன், ஆஸ்பத்திரி வாசலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்கும் லாப்ரடார். இந்தப் பயத்தில் அட்ரினலின் ஏறி, சுகரே இல்லாத பூனைக்கும் ரத்தச் சர்க்கரை 300-ஐத் தொடும். மனிதருக்கு அந்த எண்ணைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. பூனைக்கு அது பயமாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். ஆகவே நல்ல மருத்துவர் ஒற்றை எண்ணை நம்ப மாட்டார். ஃபிரக்டோசமின் என்ற பரிசோதனையைக் கேட்பார். நமக்கு எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதக் கதையைச் சொல்வதுபோல, அது கடந்த இரண்டு வாரக் கதையைச் சொல்லும். ஒரு மணி நேர பயம் அதில் பதியாது. வீட்டில் அமைதியாக இருக்கும்போது பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்பதும் நல்ல சாட்சி. மனிதருக்கு ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் கசியத் தொடங்கும். பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய 270 வரை தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது சாப்பாடு. நாம் சுகருக்குச் சோற்றைக் குறைத்து, சப்பாத்திக்கும் கேழ்வரகுக்கும் ஓட்ஸுக்கும் மாறுகிறோம். பூனைக்கு இதில் எதுவும் பொருந்தாது, ஏனென்றால் அதற்கு தானியமே தேவையில்லை. பூனை முழு மாமிச உண்ணி. எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. சாப்பிட்ட சர்க்கரையை ஈரல் வேகமாக உள்ளிழுக்க உதவும் குளூக்கோகைனேஸ் என்ற நொதியும் அதன் ஈரலில் இல்லையென்றே சொல்லலாம். தனக்கு வேண்டிய குளுக்கோஸை இறைச்சியின் புரதத்திலிருந்தே இரவும் பகலும் அதன் ஈரல் தயாரித்துக்கொள்ளும். அவ்வளவு ஏன், இனிப்பே அதற்குத் தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணு பூனையில் உடைந்து கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் கண்டுபிடித்தது. புலிக்கும் சிறுத்தைக்கும் இதே கதி. உங்கள் பூனை பாயசக் கிண்ணத்தை நக்கினால், அது பாலின் கொழுப்புக்காக.

‘எங்க தெருப் பூனை மயிலாப்பூர்ல தயிர் சாதம் சாப்பிட்டே வளர்ந்தது’ என்பவர்கள் உண்டு. வளர்ந்திருக்கும். அது மதில் மதிலாகத் தாவி, எலியும் ஓணானும் பிடித்துத் தின்று, சண்டை போட்டு, சுகர் வரும் வயதை எட்டுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். காட்டில் வேட்டையாடி வாழும் பூனையின் சாப்பாட்டில் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சக்தி இரண்டு சதவீதம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடையில் வாங்கும் உலர் தீனிக்கு வருவோம். அந்தக் குட்டிக் குட்டி மீன் வடிவங்களை இயந்திரத்தில் அழுத்திப் பொரியவைக்க மாவு வேண்டும். அரிசி, சோளம், கோதுமை ஏதோ ஒன்று. பை மீது மாவுச்சத்து எவ்வளவு என்று பொதுவாக அச்சடிப்பதில்லை, நாமே கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, பையில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10, சாம்பல் 8 என்று இருந்தால் கூட்டினால் 62. நூறில் மீதி 38-ம் மாவுச்சத்து. சக்திக் கணக்கில் பார்த்தால் சுமார் 40 சதவீதம். சுகர் உள்ள பூனைக்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈரத் தீனிகள் பலவும் இந்த அளவுக்கு அருகில் வரும். குழம்பு மாதிரி கெட்டியாக இருப்பவற்றில் மாவு கலந்திருக்கும் என்பதால் அவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மத்தி மீன் வாங்கி வேகவைத்துப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். வெறும் மீனிலும் கறியிலும் கால்சியம் கணக்கு உதைக்கும்; வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரின் என்ற சத்தும் கூடவே போய்விடும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்பது 1987-ல் கலிபோர்னியாவில் பால் பியோன் நிரூபித்த விஷயம். வீட்டுச் சமையல்தான் என்றால் மருத்துவரிடம் கேட்டு, கால்சியமும் டாரினும் சேர்த்துத் தர வேண்டும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

விரதமும் வேண்டாம். குண்டுப் பூனையை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலுக்குப் படையெடுத்து, ஈரலே செயலிழக்கும். எடை வாரத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தால் போதும். ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், நேற்று சரியாக இருந்த ஊசி அளவு இன்று அதிகமாகிவிடும். தீனியை மாற்றும் வாரத்தில் மருத்துவரோடு போனில் பேசிக்கொண்டே இருப்பது நல்லது.

மாத்திரை டப்பாவையும் மூடி வைத்துவிடலாம். நம் வீட்டு மெட்ஃபார்மின் பூனையிடம் பெரிதாக எடுபடவில்லை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் குடும்ப மருந்துகளில் இரண்டு, 2022-லும் 2023-லும் பூனைகளுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல சேதிதான். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அவை ஆகாது. ரத்தச் சர்க்கரை நார்மலாகக் காட்டும்போதே உடம்பில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்று எச்சரிக்கையும் உண்டு. அதனால், அப்பா சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசினைக் கால்வாசி உடைத்துக் கொடுக்கும் யோசனையை யாரும் யோசிக்கவே கூடாது. பூனையின் ஈரல் மாத்திரைகளைக் கையாளும் விதமே வேறு. நமக்குச் சாதாரணமான ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

ஆகவே பெரும்பாலும் இன்சுலின்தான். இங்கே ஒரு வேடிக்கை. பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடுகிறது, மனிதருடையதிலிருந்து நான்கில். மாட்டு இன்சுலின் மனித வைத்தியத்திலிருந்து விலகிப்போன பிறகு, நமக்கென்று தயாரித்த கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் பூனைக்கும் கைகொடுத்தது. பாட்டிலில் அது அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலம் நீங்கி, கண்ணுக்குத் தெரியாத படிவாகத் தங்கி, சிறுகச் சிறுகக் கரையும். அதனால்தான் அளவு குறைவாக வேண்டுமே என்று அதில் தண்ணீரோ சலைனோ கலக்கக் கூடாது.

கிண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்கும் சுகர், பூனைக்கும் சுகர். காலை ஏழு மணிக்கு ஃபிரிட்ஜ் திறந்தால் கதவுத் தட்டில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் அப்பாவின் இன்சுலின் புட்டி, சிவப்பு மூடி சிரிஞ்சுகள். மற்றதில் பூனை ஜில்லுவின் கிளார்ஜின், ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள். அதன் மேல் மார்க்கர் பேனாவில் ஒரு பூனைக் காது வரைந்திருக்கிறது. ‘அப்பா, ஆரஞ்சு மூடியை நீங்க தொடாதீங்க, அதுல உங்க சிவப்பு மூடி வந்துடவே கூடாது’ என்கிறாள் மகள். ‘இருபது வருஷமா எனக்கு நானே போட்டுக்கிறேன், எனக்கே பாடமா?’ என்கிறார் அவர். மகள் சொல்வதுதான் சரி.

இந்தியாவில் மனிதருக்குப் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் பொதுவாக ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சுக்கான மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். 20 யூனிட் போடும் பெரியவருக்கு ஒரு யூனிட் கூடக் குறைய ஆனால் ஐந்து சதவீதப் பிழை. நான்கு கிலோ பூனைக்கு மருத்துவர்கள் பொதுவாக ஆரம்பிப்பதே வேளைக்கு ஒரு யூனிட் அளவில், நாளுக்கு இரண்டு வேளை. அங்கே ஒன்று இரண்டரையானால், அந்த மதியமே பூனை வலிப்பு வந்து கிடக்கலாம். நாய் பூனைகளுக்கென்று வரும் சில இன்சுலின்கள் 40 யூனிட் வகை என்பதால் குழப்பம் இன்னும் கூடும். மருந்துப் புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அரை யூனிட் கோடு போட்ட, 30 யூனிட் மட்டும் கொள்ளும் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கேட்டு வாங்கினால் கண்ணுக்கும் சௌகரியம்.

ஊசி போடுவது, பயந்த அளவுக்கு, ஒன்றுமே இல்லை. ஜில்லு தட்டில் முகம் புதைத்திருக்கும் நேரத்தில் மகள் அதன் விலாப்பக்கத் தோலை இரண்டு விரலால் கூடாரம்போல் தூக்குகிறாள், ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது. பூனை காதைக்கூட அசைப்பதில்லை. முடியில் ஈரம் தட்டுகிறதா என்று மட்டும் தடவிப் பார்க்கிறாள். ஈரமிருந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானாலும் இரண்டாவது முறை போடுவதில்லை. ஒரு வேளை ஊசி தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு முறை போட்டால் உயிர் போகலாம். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் நிஜமான அபாயம். நீ போட்டிருக்க மாட்டாய் என்று அப்பாவும், அப்பா மறந்திருப்பார் என்று மகளும் நினைப்பது. அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் மாதக் காலண்டர் தொங்குகிறது, போட்டவர் டிக் அடிக்க வேண்டும். பூனை சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் டாக்டருக்கு போன்.

சர்க்கரை தாழ்ந்துபோனால் பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், வினோதமாகக் கத்தும், கடைசியில் வலிப்பு. குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் ஊற்றினால் புரையேறும். இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு: சுகர் உள்ள பூனை சாப்பாட்டையே தொடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு படுத்துவிட்டால் ரத்தத்தில் கீட்டோன் ஏறியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரம் அது.

இன்சுலின் பாட்டிலை மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் கரண்ட் போய் மூன்று மணி நேரம் வராத மதியங்கள் இந்த ஊரில் உண்டு. ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காமலிருந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோன மருந்தை மட்டும் இரக்கமில்லாமல் தூக்கி எறிய வேண்டும்.

வீட்டு மீட்டருக்கு வருவோம். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனைக்கு வேலை செய்யும், ஆனால் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். மனித ரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு, 42 சதவீதம் வரை, சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. மீட்டர் அதற்கேற்ப அமைக்கப்பட்டது. பூனையில் சிவப்பணுவுக்குள் இருப்பது 7 சதவீதம்தான். எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு எப்போதும் அதே மீட்டரில் பார்த்தால் ஏற்ற இறக்கம் புரிந்துவிடும். குத்துவது காது விளிம்பில். வெதுவெதுப்பான துணியை அரை நிமிடம் வைத்து எடுத்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால் மெல்லிய நரம்பு சிவப்புக் கோடாகத் தெரியும். அதன் ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு. மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சாரையும் இப்போது பூனையின் முதுகில் முடி மழித்து ஒட்டுகிறார்கள். பூனை தூங்கும்போதே போனைக் காட்டி எண்ணைப் படித்துவிடலாம், அது பிய்த்துப் போடும்வரை. நாளின் பெரும்பகுதி சிறுநீரில் கசியும் அளவுக்குக் கீழேயும், எப்போதும் 80-க்கு மேலேயும் இருந்தால் நல்ல கட்டுப்பாடு. நம் அப்பாக்களுக்கு வைக்கும் இலக்கைப் பூனைக்கு வைத்து விரட்ட வேண்டியதில்லை.

ஊசி அளவு ஏறிக்கொண்டே போய், எதற்கும் அடங்காமல், பூனையின் முகமும் பாதமும் பெருத்துக்கொண்டே வந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2015-ல் 1,221 சுகர் பூனைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகுதிக்கான தடயம் கிடைத்தது.

இத்தனை கஷ்டத்துக்கும் ஈடாக, பூனை நமக்கு ஒரு விஷயத்தில் முன்னோடி. அதன் சுகர் விலகிப்போகவும் செய்யும். கிர்ஸ்டன் ரூம்பும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ராண்டும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளர்கள் வீட்டிலேயே அடிக்கடி ரத்தம் பார்த்து, கிளார்ஜினும் மாவு குறைந்த தீனியும் தந்து இறுக்கிப் பிடித்த பூனைகளில், 64 சதவீதத்துக்கு ஊசியே தேவைப்படாமல் போனது. நோய் கண்டு ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம். தாமதித்துத் தொடங்கியவற்றில் 35. ஓய்ந்துபோன செல்களுக்குச் சீக்கிரமாக ஓய்வு கொடுத்தால் பிழைத்துக்கொள்கின்றன, அமைலின் நெரித்த பிறகு ஓய்வால் பயனில்லை. எல்லா மருத்துவர்களுக்கும் எல்லாப் பூனைகளுக்கும் இந்த எண் கிடைப்பதில்லை. ஆனாலும் ‘கொஞ்ச நாள் பார்ப்போம், தீனியை மட்டும் மாற்றுவோம்’ என்று மாதங்களைத் தள்ளுவது பூனை விஷயத்தில் மோசமான சிக்கனம்.

ஊசி நின்ற பூனைகளில் கணிசமானவற்றுக்கு நோய் திரும்பும். ஆகவே ஊசி நின்றாலும் பழைய தீனிப் பைக்குத் திரும்பக் கூடாது, எடையையும் ரத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வேறு மருத்துவரிடம் தோல் அரிப்புக்கென்று போனால், அவர் ஸ்டீராய்டு ஊசியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இதற்கு ஒருமுறை சுகர் வந்து போயிருக்கிறது என்று.